அசைவும் ஓசையும்

1965-இல் நியூயார்க் லிங்கன் மையத்தில் ஜான் கேஜும் மெர்ஸ் கன்னிங்ஹாமும் அரங்கேற்றிய ‘வேரியேஷன்ஸ் ஃபைவ்’ துணிவான முயற்சியே. ஆடுவோர் உலோகக் கம்பங்களை நெருங்கினாலோ, ஒளிக்கதிரை மறித்தாலோ ஒலி எழும். பின்னே திரையில் படங்கள் ஓடும்.

ஆயினும் அவ்வொலியை அரங்கில் விடுவதும் அடக்குவதும் கருவியருகே நின்ற இசைஞர் கையிலேயே இருந்தன. ஆகவே எந்த அடிக்கு எந்த ஓசை எனக் காண்போர் அறிதல் அரிது.

அரபு இலக்கணத்தில் சொல்லின் ஈற்றை மாற்றும் சொல்லுக்கு ‘ஆமில்’ என்று பெயர். அது மறைந்து நின்றாலும் ஈற்றுக் குறி அதனைக் காட்டிக் கொடுக்கும். இங்கோ குறி மட்டும் கேட்கிறது; ஆமில் விளங்கவில்லை.

இசையமைப்பவரின் விருப்பாட்சியைக் கலையினின்று அகற்றவே கேஜ் விழைந்தார். அங்ஙனமாயின், ஆடியவர்களின் பங்கு செவிக்குப் புலப்பட வேண்டாமா? புலப்படாத பங்கினைக் கூட்டுப் படைப்பென்று கொள்வது எங்ஙனம்?