அனாமத்துக் கணக்கு

பி.காம். முதல் வருஷம். டிரயல் பேலன்ஸ் போட்டால் இரண்டு பக்கமும் ஒட்டவே ஒட்டாது. எங்கோ நானூற்றுச் சொச்சம் உதைக்கும். தேடித் தேடி அலுத்த பிறகு வாத்தியார் ஒரு குறுக்கு வழி சொல்வார். உதைக்கிற தொகையைத் தூக்கி 'அனாமத்துக் கணக்கு' என்று தலைப்புப் போட்டு எழுதிவிடு. இங்கிலீஷ்காரன் பாஷையில் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். யார் பேரில் எழுதுவது என்று தெரியாத பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

"தற்காலிகமாத்தான்டா! ஆள் யாருன்னு தெரிஞ்சதும் அவன் பேருக்கு மாத்தி எழுதணும். எழுதலேன்னா அது கணக்கு இல்லே, களவாணித்தனம்" என்பார்.

நம்மூர்ப் பிரமுகர்கள் மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாத்தியார் ஞாபகம்தான் வருகிறது.

'என் பேச்சு யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.' எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! அதில் வருகிற 'யார்' யார்? அதென்ன 'இருந்தால்'? பேசியது நிஜம், வீடியோ இருக்கிறது. புண்பட்டவர் எதிரே நிற்கிறார். ஆனாலும் வருத்தம் மட்டும் விலாசம் இல்லாத தபால் மாதிரி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

விலாசம் எழுதி வந்த மன்னிப்பும் உண்டு. 2018 ஏப்ரலில் ராஜ்பவன் பிரஸ் மீட் முடிகிற நேரம், கேள்வி கேட்ட பெண் நிருபரின் கன்னத்தில் தட்டினார் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித். மறுநாளே அந்த நிருபருக்குக் கடிதம் எழுதி மன்னிப்பும் கேட்டார். பேத்தி மாதிரி நினைத்துப் பாராட்டித் தட்டினாராம். அந்தப் பெண் எழுதிய பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் மன்னிப்பை ஏற்கிறேன், விளக்கத்தை ஏற்க முடியவில்லை என்றார். கச்சிதமான வரவு செலவு! ரசீது கொடுத்தாயிற்று, ஆனால், பில்லில் எழுதியிருந்த காரணம் சரியில்லை என்று அடித்தும் காட்டியாயிற்று.

அந்த விவகாரம் ஆறுவதற்குள் எஸ்.வி.சேகர் வந்தார். பெண் பத்திரிகையாளர்களை மொத்தமாகக் கேவலப்படுத்துகிற ஒரு பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பியதும் நீக்கினார், வருத்தமும் தெரிவித்தார். படிக்காமல் ஃபார்வர்டு செய்துவிட்டேன் என்பதுதான் அவருடைய சமாதானம். மேடையில் எத்தனையோ வசனங்களை மனப்பாடமாகப் பேசியவர், ஒரு பதிவைப் படிக்காமல் விட்டாராம்! அவருடைய முன்ஜாமீன் மனுவை அந்த மே மாதம் தள்ளுபடி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஜனவரியில். ஏறக்குறைய ஏழு வருஷம்!

மன்சூர் அலிகான் கதை வேறு தினுசு. 2023 நவம்பரில் திரிஷாவைப் பற்றிப் பேசிவிட்டு, மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது என்று முறைத்துக்கொண்டு நின்றார். போலீஸ் விசாரணைக்குப் போய் வந்தபின் திரிஷா பேரைச் சொல்லியே மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லையே என்று நாம் நிமிர்ந்து உட்காருவதற்குள், திரிஷா, குஷ்பு, சிரஞ்சீவி மூன்று பேர் மீதும் மானநஷ்ட வழக்குப் போடக் கிளம்பிவிட்டார். அந்த டிசம்பரில் உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. வலது கையால் வரவு வைத்து, இடது கையால் பற்று எழுதுகிற இந்த முறையை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சரி, இவர்களெல்லாம் சினிமாக்காரர்கள். 2021 தேர்தல் பிரசாரத்தில் ஆ.ராசா பேசிய உவமை, அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் தாயாரை இழுத்தது. பிரசார மேடையிலேயே பழனிசாமி குரல் உடைந்து அழுததை டி.வி.யில் பார்த்தோம். ராசா மன்னிப்புக் கேட்டார், முதல்வரிடமே கேட்டார். தேர்தல் கமிஷன் 48 மணி நேரம் பிரசாரத்துக்குத் தடை போட்டது. எல்லாம் சரிதான். அந்த அம்மா 2020 அக்டோபரிலேயே இறந்துபோயிருந்தார். இரண்டு ஆண்களின் அரசியல் சண்டைக்குள் அவரை இழுத்து வந்தது யார் பேரில் எழுதவேண்டிய கணக்கு?

இப்போது பொன்முடிக்கு வருவோம். 2022 செப்டம்பரில், பஸ்ஸில் 'ஓசி'யில் போகிறீர்கள் என்று பெண்களைப் பார்த்துச் சொன்ன அமைச்சர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றால், அந்தப் பணத்தை அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. அந்த மானியம் எங்கிருந்து வருகிறது? அதே பெண் வாங்குகிற சோப்பிலும் செருப்பிலும் பிடிக்கிற வரியிலிருந்தும்தான். ஒரு பி.காம். பையனுக்குத் தெரிகிறது, முன்னாள் பேராசிரியருக்குத் தெரியாதா?

2025 ஏப்ரலில் அவர் ஒரு கூட்டத்தில் சைவம், வைணவத்தை வைத்து ஒரு 'ஜோக்' சொன்னார். இங்கே திருப்பி எழுத மாட்டேன். பாதி சேனல்கள் அதை 'பீப்' போட்டுப் போட்டு, நடுவில் விளம்பரமும் போட்டு, கண்டனம் என்ற பேரில் நாள் முழுக்க ஓட்டியதே போதும். கட்சியின் துணைப் பொதுச்செயலாளர் பதவி போனது. மன்னிப்பு அறிக்கை வந்தது. அது உள்ளரங்கக் கூட்டம் என்று அதில் ஒரு குறிப்பு! கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் வார்த்தைக்கு நாற்றம் குறையுமா என்ன? மாசக் கடைசியில் மந்திரி பதவியும் போனது. பரவாயில்லை, இந்தத் தடவை பேசியவருக்கு நஷ்டம் உண்டு.

யார் யாருக்குப் புண்பட்டது என்று அன்றைக்கு ஒரு பட்டியல் ஓடியது. சைவர்கள், வைணவர்கள், கட்சித் தலைமை, கட்சியிலிருக்கிற பெண்கள். எல்லாம் நியாயமான பெயர்கள். ஆனால், அந்த ஜோக்கில் ஒரு பெண் வருகிறார். உடம்பை விற்றுப் பிழைக்கிறவர். அவரை வைத்துத்தான் சிரிப்பு. அவரைப் போன்றவர்களும் கண்ணியமாக நடத்தப்பட வேண்டியவர்கள், போலீஸ்காரர்கள் வாயால்கூட அவமதிக்கக் கூடாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. போலீஸுக்குச் சொன்னது மந்திரிக்குப் பொருந்தாதா?

கண்டித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் பெண்ணுக்காகக் கண்டித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் பட்டவரை, கடவுளுக்காகவும் கட்சிக்காகவும் கோபப்பட்டவர்கள்தான் அதிகம். அவரும் சாயங்காலம் அதே டவுன் பஸ்ஸில், கட்டணமில்லா டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.