வராக நதியின் மருதுகள்

பெரியகுளத்தை வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது வராக நதி. பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் பக்கம் இரு கரையிலும் எதிரெதிரே மருத மரங்கள். ஒன்று ஆண் மருது, ஒன்று பெண் மருது என்பது ஊர் வழக்கு. நடுவில் ஓடும் தண்ணீரில் முங்கி எழுந்தால் காசிக்குப் போன புண்ணியம் என்பார்கள். புண்ணியம் இருக்கட்டும், அந்த மரத்தின் பட்டையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும்.

வேம்பு, புளி மாதிரி வெடித்துக் கரடுமுரடாக இருக்காது, வழவழப்பு. தூரத்தில் வெறும் சாம்பல் நிறம். கைக்கெட்டும் தூரத்தில் அந்தச் சாம்பல் பல நிறமாகப் பிரிகிறது: ஓரிடத்தில் வெண்மை, ஓரிடத்தில் பாசி படிந்தாற்போல இளம்பச்சை, இன்னோரிடத்தில் லேசான சிவப்பு. மரம் மேல்தோலைச் செதில் செதிலாக உதிர்த்துக்கொண்டே இருப்பதால் வரும் வண்ணம் இது. பாதி கழன்று தொங்கும் செதிலை விரலால் நெம்பிப் பார்க்காத பிள்ளை ஆற்றங்கரை ஊரில் இருக்கமுடியாது. இலையைப் புரட்டினால் காம்பு சேரும் இடத்தில் கடுகளவு புடைப்பு இரண்டு. காய் அதைவிட அழகு: கட்டையாக இறுகிய காயில் நீளவாட்டில் ஐந்து சிறகுகள். வெள்ளம் கரையை அரித்த இடத்தில் வேர்கள் வெளியே வந்து மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கும். உட்கார அதைவிடத் தோதான இடம் எந்தப் பூங்காவிலும் கிடையாது.

நடைபாதையில் பேவர் பிளாக் பதித்து, குரோட்டன்ஸ் நட்டு, சிமெண்ட் மான் ஒன்றை நிறுத்தி வைத்த பூங்காவை நான் குறை சொல்லவில்லை. காலாற நடக்க அதுவும் வேண்டும். ஆனால் அங்கே இரண்டாவது சுற்றிலேயே கண்ணுக்கு வேலை தீர்ந்துவிடுகிறது. மருதடியில் அப்படித் தீர்வதில்லை. யாரும் கத்தரிக்காத கிளை, நாணல் புதர், சோத்துப்பாறை அணை நிறைந்து மறுகால் பாயும் நாளில் நிறம் மாறி வரும் தண்ணீர். எதையும் உற்றுப் பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை. பார்வை தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. செல்போனிலும் கணக்குப் புத்தகத்திலும் களைத்த மனசுக்கு இந்தச் சிரமமில்லாத பார்வைதான் ஓய்வு என்பது ரேச்சல், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பதி வைத்த வாதம்.

சியாட்டில் நகருக்குள் டிஸ்கவரி பார்க் என்று 500 ஏக்கருக்கு மேல் காடும் கடலோரமுமாக விட்டுவைத்த இடம் இருக்கிறது. அங்கே வந்துபோன 320 பேரிடம், மனசில் நின்றது எது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டு 2020இல் வெளியிட்டார்கள். தண்ணீர் ஓரம் வரை நடந்தது, திடீரென்று ஒரு பறவையைக் கண்டது, ஒற்றையடிப் பாதை பிடித்துப் போனது என்று சின்னச் சின்ன விஷயங்களைத்தான் சொன்னார்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்த இடம் திருத்தப்படாமல் கிடந்ததால் கிடைத்தவை. பெரியகுளத்துக்காரருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. முல்லையாற்றங்கரையில் வளர்ந்த உத்தமபாளையத்துக்காரருக்கும் இருக்காது.

நதியில் சாக்கடை கலப்பதும், வேர்க்கால்களில் பாலித்தீன் பை சிக்கித் தொங்குவதும் உண்மை. அந்த நாற்றத்தை நயம் பாராட்ட முடியாது. குப்பையை அள்ளுகிறோம் என்று இறங்கும் ஜேசிபி நாணலையும் சேர்த்து வழித்துவிடுமோ என்பது வேறு கவலை.

இதயத்துக்கு நல்லது என்று நாட்டு மருந்துக் கடையில் மருதம்பட்டையை வாங்கிக் கஷாயம் வைப்பவர்கள் இங்கே நிறைய. பட்டைக்கு அளவு உண்டு, வேளை உண்டு, பத்தியமும் உண்டு. சாயங்காலம் அரை மணி நேரம் மரத்தடியிலேயே போய் உட்காரும்படி எந்த வைத்தியரும் சீட்டில் எழுதி நான் பார்த்ததில்லை. எழுதினால் பக்கவாட்டில் ஒரு வரி சேர்க்கலாம்: தென்கரையில் உட்காருங்கள், எதிர்க்கரை மருது முழுசாகத் தெரியும்.