நான்கு குரலில் ஒரு சினிமாப் பாட்டு

சினிமாப் பாட்டை நாம் எல்லோரும் ஒற்றைக் குரலாகத்தான் மனதில் வைத்திருக்கிறோம். கிணற்றடியிலும் சைக்கிளிலும் நம் வாயில் வருவது மெட்டு மட்டும். அதன் அடியில் ஓடிய வயலின்கள், அவற்றுக்குக் கீழே நடந்த பேஸ் கிற்றார், இரண்டுக்கும் நடுவில் நின்று தாங்கிய செல்லோ எல்லாம் காதில் விழுந்தும் வாய்க்கு வராதவை. தேவாலயப் பாடகர் குழு ஒன்று அதே பாட்டை எடுத்துப் பாடும்போது அந்த உள்வரிகளுக்கு மனிதக் குரல் கிடைக்கிறது. வாசலில் நின்று பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் முதல்முறை அழைக்கப்படுவதுபோல, பழகிய பாட்டுக்குள் நாம் நுழைகிறோம். சினிமாப் பாட்டு தன் முழு உருவத்தோடு நிற்கும் இடங்களில் தேவாலயப் பாடகர் குழுவும் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைப் பாடவும் கேட்கவும் பழகிய ஊர் எது என்று யோசித்தால் எனக்கு முதலில் உடுவில்தான் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலையைத் தொடங்கினார்கள். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. 1840இல் வந்து சேர்ந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறக்குறைய 40 ஆண்டுகள் அங்கே படிப்பித்தார். மிஷன் விடுதி என்றால் காலையும் மாலையும் ஜெபம், ஜெபம் என்றால் பாட்டு. இருநூறு வருடமாகத் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைகள் சேர்ந்து பாடிவந்த வளவு அது.

அந்த வளவின் மதிலுக்கு வெளியே இருப்பது இணுவில். தவிலும் நாதஸ்வரமும் குடும்பச் சொத்தாக வந்த ஊர். விசுவலிங்கமும் அவர் மகன் தவில் மேதை தட்சிணாமூர்த்தியும் அந்த மண்ணின் பிள்ளைகள். இன்னொரு பக்கம் மருதனார்மடம். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் தொடங்கிய மகளிர் கல்லூரியும், 1960இல் உருவாகிப் பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த இராமநாதன் இசைக்கல்லூரியும் அங்கே இருக்கின்றன. மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த கல்லூரி அது. ஆக, உடுவிலில் வளரும் ஒரு பிள்ளை கோயில் திருவிழாவின் தவிலையும், கச்சேரியின் தம்புராவையும், ஆராதனையின் ஓகனையும் ஒன்றாகவே கேட்டு வளர்கிறது. இந்த மூன்றும் சந்திக்கும் இடம் சினிமாப் பாட்டு. அதனால்தான் இந்த ஊரின் காதை நான் நம்புகிறேன்.

ஞாயிறு ஆராதனையே இதற்கு நல்ல பயிற்சி. ஒரே ஆராதனையில் பாமாலையும் வரும், கீர்த்தனையும் வரும். பாமாலை ஐரோப்பிய மெட்டு, நான்கு குரலுக்கு எழுதப்பட்டது. கீர்த்தனை இராகமும் தாளமும் கொண்டது, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்களின் வழியில் ஒரே வரியாகப் பாடப்படுவது. பாமாலைக்கு எழுந்து நின்று தனக்குரிய குரல்வரியைப் பிடித்த அதே தொண்டை, அடுத்த பத்து நிமிடத்தில் கீர்த்தனையின் அசைவுக்கு இளக வேண்டும். வாரம் தவறாமல் இதைச் செய்பவர்களுக்குச் சினிமாப் பாட்டு அந்நியமாக இருக்க வழியில்லை.

பாடகர் குழுவில் நான் முதலில் கேட்பது அல்ட்டோவை. சொப்ரானோவுக்கு மெட்டு கிடைத்துவிடுகிறது. ஆண்குரலில் பேஸுக்கு அத்திவாரம் என்ற மரியாதை உண்டு. டெனருக்கு இடையிடையே ஒரு மேல்வீச்சு வரும். அல்ட்டோ பிள்ளைகள் மட்டும் சிலசமயம் ஒரே சுரத்தில் ஒரு வரி முழுக்க நிற்பார்கள். பக்கத்தில் சொப்ரானோ அழகான மெட்டைப் பாடிக்கொண்டிருக்கும்போது அதன் பின்னால் இழுபட்டுப் போகாமல் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நின்றவருக்குத்தான் தெரியும். அதுவும் நாடே மனப்பாடமாக வைத்திருக்கும் சினிமா மெட்டு என்றால் இழுப்பு இரண்டு மடங்கு. கேட்பவருக்கு அல்ட்டோ தனியாகத் தெரியாது. ஆனால் அது இல்லாத அன்று பாட்டு வெறுமையாகிவிடும்.

இந்த மெட்டுக்கள் எங்கள் ஊர்களில் எப்படி இறங்கின என்பதும் நினைக்கத்தக்கது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும் மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்களும் சினிமாப் பாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவையும் கசெற்றையும் பாட வைத்தார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். கை தளர்ந்தால் கசெற் இழுபட்டுச் சுருதி இறங்கும். அப்படிக் கேட்ட பாட்டின் ஒவ்வொரு வளைவும் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். இன்று பாடகர் குழுக்களின் பின்வரிசையில் பேஸ் பாடும் வயதினர் பலர் அந்தத் தலைமுறைதான்.

இனி எதிர்த்திசையில் பார்ப்போம். சினிமாப் பாட்டின் உள்வரிகள் எங்கிருந்து வந்தன? பம்பாய் ஸ்டூடியோக்களில் பெரிய வாத்தியக் குழுக்களுக்கு இசைக்குறிப்பு எழுதியவர்களும் வாசித்தவர்களும் பெரும்பாலும் கோவாக்காரர். கோவாவின் பங்குக் கோயில் பாடசாலைகளில் சிறுவயதிலேயே சுரம் வாசிக்கவும் வயலின் பிடிக்கவும் கற்றவர்கள். சங்கர் – ஜெய்கிஷனுக்கு வாத்தியக் கோவை எழுதிய செபஸ்தியன் டிசூசாவும், பியாரேலாலுக்கு வயலின் கற்றுக்கொடுத்த அந்தோனி கொன்சால்வெஸும் அந்த மரபில் வந்தவர்கள். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை பயின்றவர் இளையராஜா. அவருடைய பாட்டுக்களில் வயலின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த தமிழர் எவரும், பெயர் தெரியாமலே பல்குரல் இசையைக் கேட்டு வளர்ந்தவர்தான். தேவாலயத்தில் வளர்ந்த ஒத்திசைவு ஸ்டூடியோவுக்குப் போய் வயலினிலும் செல்லோவிலும் தங்கியது. பாடகர் குழு சினிமாப் பாட்டைப் பாடும்போது அது மறுபடி தொண்டைக்கு வருகிறது.

வந்து என்ன செய்கிறது என்பதை ஒரு மோகனத்தில் பார்க்கலாம். மோகனத்துக்கு ஐந்தே சுரம்: ஸ ரி க ப த. சினிமாவில் இந்த இராகத்துக்குப் பஞ்சமே இல்லை. மெட்டு மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கிறது என்று வையுங்கள். சொப்ரானோ மேல் ஷட்ஜம், அல்ட்டோ காந்தாரம், டெனர் பஞ்சமம், பேஸ் கீழ் ஷட்ஜம். ஸ-க-ப சேர்ந்த அந்த ஒலி வெளிச்சமானது. இப்போது மூன்று குரல்கள் அப்படியே நிற்க, டெனர் மட்டும் பஞ்சமத்திலிருந்து ஒரு படி ஏறித் தைவதத்துக்குப் போகட்டும். த-ஸ-க என்று ஒலி மாறிவிடும். மெட்டு அசையவில்லை, இராகத்துக்கு வெளியே ஒரு சுரமும் தொடவில்லை. ஆனாலும் பாட்டின் மேல் ஒரு நிழல் விழுந்துவிட்டது. கதாநாயகி சிரித்துக்கொண்டே பாடிய ஒரு வரிக்குள் சின்னக் கவலை இருந்தது நமக்கு இப்போது தெரிகிறது. நான்கு டெனர்கள் ஒரு படி ஏறியதால் நடந்தது இது.

கல்யாணிக்கு வந்தால் சிக்கல் வேறு. தேவாலயப் பாட்டு 'ஆமென்' என்று முடியும் அந்தப் பழகிய இறக்கத்துக்குச் சுத்த மத்திமத்தில் கட்டிய சுரக்கூட்டு வேண்டும். கல்யாணியிலோ பிரதி மத்திமம். ஆகவே பாடகர் குழு காலகாலமாகப் பழகிய அந்த முடிவு கல்யாணியில் கிடையாது. விவரம் தெரியாமல் அதைக் கொண்டுவந்து ஒட்டினால் கடைசி வரியில் இராகம் போய்விடும். கெட்டிக்கார இசையமைப்பாளர் அந்த இடத்தில் ரிஷபத்தின் மேல் கட்டிய மேஜர் சுரக்கூட்டை வைத்துப் பஞ்சமத்துக்குப் போய்ப் பிறகு ஷட்ஜத்தில் இறங்குவார். கல்யாணியும் கெடாது, முடிந்த நிறைவும் வரும். பாடகர் குழு சினிமாப் பாட்டை எடுத்தால் நான் காத்திருந்து கேட்பது இந்தக் கடைசி இரண்டு அடிகளைத்தான். அங்கே பயிற்றுநரின் தரம் தெரிந்துவிடும்.

கமகம் அடுத்த சோதனை. ஒரு பாடகர் அசைக்கும் சுரத்தை முப்பது பேர் ஒரே அளவில் அசைக்க முடியாது. அசைத்தால் சுரம் குழம்பும், அசைக்காவிட்டால் பாட்டு விறைக்கும். நல்ல குழுக்கள் அசைவை ஒரு தனிக்குரலுக்கு விட்டுவிட்டு, மற்றவர்களுக்கு நீண்ட அகரத்தையோ ஓகாரத்தையோ கொடுத்துவிடும். தமிழ் உச்சரிப்பும் அப்படித்தான். 'க்க', 'ட்ட' என்று இரட்டிக்கும் வல்லினம் முப்பது வாயில் ஒரே நொடியில் அடைபட்டுத் திறந்தால், மிருதங்கம் இல்லாமலே தாளம் கேட்கும். சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரத்தை ஆளுக்கொரு நீளத்தில் விட்டால் வரி முனை பிசிறடிக்கும். 'ம்' என்று முடிந்தால் எல்லோரும் ஒன்றாக உதடு மூட, முடிவு முழுக்க ஓங்காரம்போல நிற்கும். ஆங்கிலப் பாட்டுக்கு வாய்ப்பயிற்சி செய்த குழு தமிழ் சினிமாப் பாட்டுக்கு வேறு பயிற்சி செய்ய வேண்டும். அந்தப் பயிற்சியைச் செய்த குழுவுக்கு அதன்பின் கீர்த்தனையும் மெருகேறும்.

இந்தக் கலை எவ்வளவு உயரம் போகும் என்று காட்டியவர்கள் மேகாலயாவின் ஷில்லாங் சேம்பர் கொயர். காசி மலைகளுக்கு 1841இல் வேல்ஸ் மிஷனரி தோமஸ் ஜோன்ஸ் போனார். அங்கும் பாமாலை ஊரின் குரலானது. லண்டனில் பியானோக் கலைஞராக இருந்த நீல் நொங்கின்ரி ஊர் திரும்பி, 2001இல் இந்தக் குழுவை அமைத்தார். 2010 ஜூலையில் சீனாவின் சாவோசிங் நகரில் நடந்த உலகப் பாடகர் குழுப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார்கள். அதே ஆண்டு 'இந்தியாஸ் கொட் டலன்ற்' தொலைக்காட்சிப் போட்டியில் பழைய இந்திச் சினிமாப் பாட்டுக்களை நான்கு குரலில் பாடி முதலிடம் பெற்றார்கள். நவம்பரில் ஒபாமா டில்லி வந்தபோது குடியரசுத் தலைவர் மாளிகையில் பாடினார்கள். 2022 ஜனவரியில் நீல் காலமானார். தெருவெல்லாம் தெரிந்த பாட்டை எடுத்து, அதை மலிவாக்காமல், கேட்பவரை அந்நியப்படுத்தாமல் உயர்த்த முடியும் என்பதற்கு அவர் விட்டுப்போன சாட்சி போதும். மிஷன் பள்ளி, பாமாலை, உள்ளூர் மொழி, ஊரெல்லாம் அறிந்த சினிமா மெட்டு என்று அவர்களிடம் இருந்த நான்கும் உடுவிலிலும் இருக்கின்றன.

தேவாலயக் குழு சினிமாப் பாட்டைத் தொடலாமா என்று மனம் வருந்துகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆராதனைக்கு ஆராதனைப் பாட்டே உரியது. பாடசாலை மண்டபமும் கலைவிழா மேடையும் வேறு. ஆனால் மெட்டின் பிறப்பைக் கேட்டுத் தீட்டுப் பார்ப்பதானால் பாமாலையிலேயே பல பக்கங்களைக் கிழிக்க நேரும். பெரிய வெள்ளியன்று தமிழ்ச் சபைகள் கண்ணீரோடு பாடும் பாடுகளின் மெட்டு ஒன்று, 1601இல் ஜெர்மனியில் ஹான்ஸ் லியோ ஹஸ்லர் எழுதிய காதல் பாட்டிலிருந்து வந்தது. பாக் அதைத் தன் மத்தேயு பாடுகளில் திரும்பத் திரும்ப வைத்தார். ஒரு மெட்டை எந்த மனத்தோடு எவ்வளவு கவனமாகப் பாடுகிறோம் என்பதே அதன் தகுதி.

எந்தப் பாட்டை எடுக்கலாம் என்று கேட்டால் எனக்கு இரண்டு தெரிவுகள் உண்டு. 'திருடா திருடா' (1993) படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் அமைத்து ஷாகுல் ஹமீது பாடிய பாட்டு, வாத்தியங்களை ஒதுக்கிவிட்டு மனிதக் குரல்களாலேயே கட்டப்பட்டது. பாடகர் குழுவுக்கென்றே செய்ததுபோல இருக்கும். 'பகல் நிலவு' (1985) படத்தில் இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடிய இருகுரல் பாட்டில், ஒரு குரல் முடிக்கும் முன்பே மற்றது வேறு வரியோடு நுழைந்து இரண்டும் பின்னிக்கொண்டு போகும். ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் எதிரெதிரே நிறுத்திப் பாடினால் அந்தப் பின்னல் கண்ணுக்கே தெரியும்.

வேண்டியது ஒன்றுதான். இவற்றை நான்கு குரலில் எழுதிவைக்க வேண்டும். தமிழ்ச் சபைகள் பலவற்றில் பாடகர் குழுக்கள் 'டோ ரே மீ' என்று எழுதும் சோல்ஃபா முறையைப் பழகியிருக்கின்றன. அதில் டோ எந்தச் சுருதியிலும் நிற்கலாம், நம் ஷட்ஜம்போலவே. ஆகவே ஒரே தாளில் ஸரிகமவாக எழுதிவிட்டால் உடுவிலின் அல்ட்டோவும் வாசிப்பாள், மருதனார்மடத்தில் வீணை படிக்கும் மாணவியும் வாசிப்பாள், இணுவிலின் தவில்காரர் தாளத்தைப் பார்த்துச் சேர்ந்துகொள்வார். மூன்று இசைக்கும் பொதுவான மேடை ஒன்றை இந்தச் சினிமாப் பாட்டுத்தான் போட்டுத் தர முடியும். ஒளி விழாவுக்குக் கரோல் பழகத் தொடங்கும் பயிற்றுநர்கள் இந்த வருடம் ஒரே ஒரு சினிமாப் பாட்டை இப்படி எழுதிப் பழக்கட்டும். பள்ளி மண்டபத்தில் அதைக் கேட்க வருகிறவர்கள் மெட்டை விட்டுவிட்டு, இரண்டாவது வரிசையில் நிற்கும் அல்ட்டோவைக் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கட்டும்.