கல்லூரி ஆண்டு மலரின் பக்க வடிவமைப்பு

கல்லூரி ஆண்டு மலரின் வடிவமைப்பைத் திருத்த முற்படும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் அட்டையிலும் வண்ணங்களிலும் தொடங்குகின்றன; ஆனால் வாசகரின் கண்ணைச் சோர்வடையச் செய்வது வரியின் நீளமும் வரிகளுக்கிடையே விடப்படும் வெளியுமே ஆதலால், திருத்தம் உள்பக்கத்தின் உரையிலிருந்து தொடங்குவதே முறை.

இதற்கான காரணம் தமிழ் எழுத்தின் இயல்பிலேயே உள்ளது. புள்ளியும் இகர ஈகாரக் குறிகளும் மேலெழுந்தும், உகர ஊகாரக் குறிகள் பல எழுத்துகளில் கீழிறங்கியும் நிற்பதால், ஆங்கில இதழ்களைப் பார்த்து வரியிடைவெளியைக் குறுக்கும்போது மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்கின்றன. சொற்களோ உருபும் துணைவினையும் ஏற்று நீள்பவை. ஏ4 பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்தால், 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காக' என்ற ஒரு சொல்லே வரியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். அந்நிலையில் இரு ஓரங்களும் நேராக நிற்கும்படி வரிகளை நிரப்பினால், எஞ்சிய சொற்களுக்கிடையே அகன்ற வெள்ளை விழுந்து, அது அடுத்தடுத்த வரிகளிலும் தொடர்ந்து பத்தியின் நடுவே வாய்க்காலாக ஓடுகிறது. ஈய அச்சுக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை முறித்து, எஞ்சியதை அடுத்த வரிக்குக் கொண்டுசென்றனர். புள்ளியெழுத்து வரியின் தலையில் வரலாகாது என்பது அவர்கள் காத்த வரம்பு. கணினியில் இவ்வழக்கம் தானாக அமைவதில்லை என்பதால், பத்திகளை இரண்டாகக் குறைப்பதோ வலது ஓரத்தை நிரப்பாமல் விடுவதோ மாணவர்களுக்கு எளிய வழியாகும். இவற்றுள் முன்னதே நீண்ட கட்டுரைகளுக்குப் பொருந்தும்.

எழுத்துருச் சிக்கல் வேறு வகையானது. ஒருங்குறிக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான படைப்பும் ஒருங்குறியில் வந்த படைப்பும் ஒரே மலரில் கலக்கும்போது, முதலில் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றத்தின்பின் மீண்டும் மெய்ப்புப் பார்க்க வேண்டும். இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காத பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு தன் எழுத்துக்கு முன் நிற்காமல் பின்னே தள்ளப்பட்டுவிடும். முதலாண்டு மாணவர் ஒருவரின் முதல் கவிதை இவ்வாறு சிதைந்து அச்சேறுவது எளிதில் ஆறாத காயம்.

சிக்கனமான வடிவமைப்புக்குத் தமிழிலேயே முன்மாதிரிகள் உண்டு. சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் அட்டைப்படக் கவர்ச்சியை நாடாமலே தனக்கென ஒரு முகத்தைப் பெற்றது; ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அளித்த கோட்டோவியங்களும் கையால் எழுதிய தலைப்பெழுத்துகளும், கறுப்பு மை ஒன்றைக் கொண்டே பக்கத்துக்கு உயிரூட்ட முடியும் எனக் காட்டின. நான்கு வண்ண அச்சுக்குப் பணம் போதாத கல்லூரிகள், தங்கள் மாணவருள் நன்றாக வரையத் தெரிந்த ஒருவரைத் தேடுவது நல்லது.

எஞ்சியவை நடைமுறை சார்ந்தவை. நடுவில் பின் அடிக்கும் மலரின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். புலனத்தில் சுருங்கி வந்த நிழற்படத்துக்குப் பதிலாக மூலக் கோப்பைக் கேட்டுப் பெற வேண்டும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தே ஒப்புதல் தரும் வழக்கத்தைக் கைவிட்டு, கட்டுரைப் பக்கம் ஒன்றையும் கவிதைப் பக்கம் ஒன்றையும் உண்மை அளவில் அச்செடுத்து, மலரில் பங்கேற்காத ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்த வரியில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்ட பின்னரே ஏனைய பக்கங்களை அமைக்க வேண்டும்.