பாடமொழியும் பட்டறிவும்: பொதட்டூர்பேட்டையை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஆங்கிலவழியில் உயர்கல்வி பயிலும் மாணவரின் இடர்ப்பாடு பெரும்பாலும் சொற்பஞ்சமாகவே மதிப்பிடப்படுகிறது. கலைச்சொல்லை அறிந்தால் பாடம் விளங்கிவிடும் என்பது இம்மதிப்பீட்டின் அடிப்படை. நெசவூராகிய பொதட்டூர்பேட்டையின் சூழலில் வைத்து இக்கருத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையும் வகுப்பறையும்

வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகத் திருத்தணிப் பகுதி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதே ஆண்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி இளங்கலை வகுப்பு சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. நில எல்லை முடிவாயிற்று. வகுப்பறையின் மொழியெல்லை இன்றும் முடிவாகவில்லை. விளக்கம் தமிழிலும் குறிப்பும் தேர்வும் ஆங்கிலத்திலும் அமையும் வகுப்பறைகள் இதற்குச் சான்று.

தறியும் பாடமும்

ஒரு பவுண்டு எடையில் அடங்கும் 840 கெசச் சிட்டங்களின் எண்ணிக்கையே பருத்தி நூலின் எண். எண் கூடினால் நூல் மெலியும் என்பது தறிவீட்டுப் பிள்ளைக்குப் பட்டறிவு. அதே உறவு பாடநூலில் 'இன்வர்ஸ் ப்ரப்போர்ஷன்' என வரும்போது அறிந்த பொருளே அயற்பொருளாகிறது. 'எதிர்விகிதம்' என்று பெயர்த்துரைத்தாலும் தறியோடு இணைத்துக் காட்டாவிடின் நிலை மாறாது. எனவே குறை சொல்லில் மட்டும் இல்லை. அறிந்ததிலிருந்து அறியாததற்கு இட்டுச்செல்லும் விளக்கமொழி இல்லாமையே முதற்குறை. காரணம் கூறவும் வேறுபடுத்தவும் நிறுவவும் மொழி வாய்க்காதபோது மாணவர் மனப்பாடத்தை நாடுகின்றனர். அதனைச் சோம்பலென்று கொள்வது பிழை.

மானிப்பாய் தரும் படிப்பினை

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மாணவரின் துணையோடு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். கற்போரே நூலாக்கத்தில் பங்குகொண்டது இம்முயற்சியின் வலிமை. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கியது. இது தமிழ்வழிச் சான்றிதழின் மதிப்பை உயர்த்தியது. விளக்கமொழியை வளர்க்கும் பணி அதனால் நிறைவேறுவதன்று.

எனினும் 'தாய்மொழிவழி' என்பதைத் தமிழ்வழி என்றே கொள்ளுதல் இவ்வெல்லைப் பகுதிக்கு முற்றும் பொருந்தாது. தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழும் பள்ளியில் பயிலும் மொழியே. தமிழ்வழிக் கல்வியை வலியுறுத்துவோர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

ஆங்கிலமா தமிழா என்னும் வினா மட்டும் மாணவரின் இடரைத் தீர்க்காது. எம்மொழிவழி வகுப்பாயினும் வட்டாரத் தொழிலறிவை முதற்படியாகக் கொள்ளும் துணைநூல்களும், மாணவர் தம் சொற்களில் விளக்கி எழுத இடந்தரும் தேர்வுமுறையும் வேண்டும். அவை அமையாதவரை, தறியருகே தெளிவாகப் பேசும் மாணவர் வகுப்பறையில் வாய்மூடியே இருப்பர்.