போடியிலிருந்து மும்பைக்கு ஒரு நகல்: கிளவுட்நேட்டிவ்பிஜி பேக்கப் எப்படி?

குபர்நெட்டீஸில் போஸ்ட்கிரெஸ் ஓட்டுகிறவர் பேக்கப்புக்கு எதை நம்பலாம் என்று கேட்டால், கிளவுட்நேட்டிவ்பிஜி என்று தயங்காமல் சொல்வேன். அதன் மாதிரிக் கோப்பை அப்படியே எடுத்துப் போட்டு ஓட்டலாமா என்று தேனி, கம்பம் பக்கத்திலிருந்து கேட்டால் வேண்டாம் என்பேன். மென்பொருள் நல்ல மென்பொருள்தான். ஆனால் அந்த மாதிரிக் கோப்பு, இன்டர்நெட் லைன் நாள் முழுக்க இருக்கும் ஊரில் உட்கார்ந்து எழுதப்பட்டது.

சோதித்த இடம் போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் அலுவலகம். ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. ஏலத்தை நடத்தும் மென்பொருள் தனி விஷயம், அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வியாபாரிக்குக் கணக்கு ஆரம்பிப்பது லாட் கைக்கு வந்த பிறகுதான். எந்த லாட் என்ன விலைக்கு எடுத்தது, சல்லடையில் எட்டு மில்லிமீட்டருக்கு மேல் நின்ற காய் எத்தனை கிலோ, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் எவ்வளவு, குடோனில் எங்கே அடுக்கியிருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி, ஜிஎஸ்டி, தரம் பிரிக்கிற பெண்களின் கூலி. எல்லாம் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில். அது மூன்று சின்னக் கணினிகளில் ஓடும் கே3எஸ் மேல் நிற்கிறது. குபர்நெட்டீஸை எடை குறைத்துச் சின்ன இடங்களுக்கு ஏற்ற மாதிரி ஆக்கியதுதான் கே3எஸ்.

ஏலக்காய்க் கடைக்கு எதற்கு இவ்வளவு என்ற கேள்வி நியாயமானது. அங்கே நெடுநாளாகக் கணக்கு பார்க்கும் பெரியவர் நேராகவே கேட்டார்: "ஏன் தம்பி, சாயங்காலமானா பேக்கப்ப பென்டிரைவ்ல ஏத்திச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறேன். அதுல என்ன கொறை?"

"ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர்னா கொறை இல்லண்ணே" என்றேன். உண்மையும் அதுதான். ஆனால் போடி குடோனிலும் மலைக்கு அந்தப் பக்கம் வண்டன்மேட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் பதிந்துகொண்டிருக்கும்போது, நேற்றுச் சாயங்காலத்து பென்டிரைவ் இன்று மதியம் தவறாக அழிந்த ஒரு பட்டியலைத் திருப்பித் தராது. மூன்று கணினியிலும் டேட்டாபேஸின் நகல் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். ஒன்றில் அழித்தால் மற்ற இரண்டிலும் அடுத்த நொடியே அழியும் நகல்கள் அவை. டிஸ்க் செத்தால் காப்பாற்றும், கை தவறினால் காப்பாற்றாது. இன்னொரு குழப்பமும் உண்டு. மூன்று சர்வராக அமைத்த கே3எஸ் தானாகவே நாளுக்கு இருமுறை ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கிறது. அது கிளஸ்டரின் அமைப்பைத்தான் சேமிக்கும். லாட் கணக்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

கிளவுட்நேட்டிவ்பிஜி, ஈடிபி நிறுவனம் 2022-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. 2025 ஜனவரியில் சிஎன்சிஎஃப் அமைப்பின் சாண்ட்பாக்ஸ் திட்டங்களில் சேர்ந்தது. பேக்கப்பை மேலே, அதாவது கிளவுடுக்கு, அனுப்பும் வேலையைச் செய்வது பார்மன் என்ற பழைய, நம்பகமான கருவி. தினம் ஒருமுறை டேட்டாபேஸ் முழுவதும் நகலாகி எஸ்3 பக்கெட்டுக்குப் போகிறது. இடைப்பட்ட நேரத்துக்கு டபிள்யூஏஎல் எனப்படும் லாக் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் இந்த லாக்கில்தான் எழுதும். ஒரு லாக் கோப்பு 16 எம்பி. நிரம்பியதும் அது மேலே ஏறும். நிரம்பாவிட்டாலும், பதிவு ஏதாவது நடந்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கொரு முறை ஏறும். ஆக, அலுவலகமே எரிந்துபோனாலும் இழப்பு ஏறக்குறைய கடைசி ஐந்து நிமிடப் பதிவுதான். முழு நகல் எடுக்கும் பாரத்தையும் முதன்மை டேட்டாபேஸ் மேல் ஏற்றாமல் துணை நகலிடம் தள்ளிவிடுகிறது. ஏல நாளில் பில் போடுகிறவர்களுக்கு பேக்கப் ஓடுவதே தெரியவில்லை. இந்த இடத்தில் முழு மதிப்பெண்.

அமைப்பதில் ஓர் எரிச்சல் உண்டு. முன்பு பேக்கப் அமைப்பெல்லாம் கிளஸ்டர் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டது. 1.26 பதிப்பிலிருந்து அந்த வழியைக் கைவிடப்போவதாக அறிவித்து, பார்மன் கிளவுட் என்ற தனி ப்ளகினுக்கு மாறச் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் சான்றிதழ்களைக் கவனிக்கும் செர்ட்-மேனேஜரையும் நிறுவ வேண்டும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை பழைய வழியைச் சொல்பவை. புது வழியில் பக்கெட் விவரத்தைத் தனியாக எழுதிவிட்டு, கால அட்டவணைக் கோப்பில் எந்த முறை என்று குறிப்பிடாமல் விட்டால், அது பேசாமல் பழைய முறையை எடுத்துக்கொள்ளும், பேக்கப் தோற்கும். முறை என்ற இடத்தில் ப்ளகின் என்று போட்டு, எந்த ப்ளகின் என்று அதன் பெயரையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போய்விடும்.

அடுத்தது நேரம். லினக்ஸ் கிரானில் ஐந்து இடங்கள், இங்கே ஆறு. முதல் இடம் நொடி. பழக்கதோஷத்தில் முன்னால் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துவிட்டால், குறித்த நிமிடத்தில் நொடிக்கொரு பேக்கப் கேட்கும். கடிகாரமும் நம் கடிகாரமில்லை. கண்டெய்னருக்குள் ஓடுவது யூடிசி. இரவு இரண்டு மணி என்று நினைத்து 0 0 2 * * * என்று போட்டால், போடியில் காலை ஏழரைக்குத்தான் ஓடும். நமக்கு இரவு இரண்டு மணி வேண்டுமென்றால் 0 30 20 * * * என்று எழுத வேண்டும். மீட்கும்போதும் இதே ஐந்தரை மணி நேரம் குறுக்கே வரும். "காலை 11:40 வரை மீட்டுக் கொடு" என்று நேரத்தைத் தரும்போது பின்னால் +05:30 சேர்க்காவிட்டால் அதை யூடிசி என்று எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் அது மாலை 5:10. அழிந்த பட்டியல் அழிந்தபடியே திரும்பி வரும்.

இனி லைன். கம்பம் பள்ளத்தாக்கில் கிளவுட் பேக்கப்பைச் சோதிப்பதென்றால் சோதிக்க வேண்டியது இதைத்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்டு மாலை ஐந்துக்கு வரும். கடையில் ஜெனரேட்டர் இருக்கிறது, பில் ஓடும். தெருமுனைப் பெட்டியில் உள்ள கேபிள்காரரின் பேட்டரி மதியத்துக்கு முன்பே செத்துவிடும். தென்மேற்குப் பருவமழையில் போடிமெட்டு, குமுளி சாலைகளில் மரம் விழுந்தால் கம்பியும் சேர்ந்து போகும். அப்போது கணினிகள் உயிரோடு இருக்கும், டேட்டாபேஸ் ஓடும், லாக் கோப்புகள் மட்டும் மேலே ஏற வழியில்லாமல் நிற்கும்.

மேலே போய்ச் சேராத லாக்கை போஸ்ட்கிரெஸ் அழிக்காது. அழிக்கவும் கூடாது, அதுதான் அதன் நேர்மை. ஐந்து நிமிடத்துக்கு 16 எம்பி என்றால் மணிக்கு 192 எம்பி சேர்கிறது. மாதிரிக் கோப்புகளில் டேட்டாபேஸுக்கு ஒதுக்கியிருப்பது பல இடங்களில் வெறும் 1 ஜிபி. அதில் 64 லாக் கோப்புகள்தான் பிடிக்கும். டேட்டாவே இல்லாமல் இடம் முழுதும் லாக்குக்கே என்று வைத்தாலும் ஐந்து மணி இருபது நிமிடம். ஒன்பது மணிக்கு லைன் போனால் இரண்டு இருபதுக்கு டிஸ்க் நிறையும், போஸ்ட்கிரெஸ் நிற்கும், அதோடு பில்லும் நிற்கும். காப்பாற்ற வைத்த ஏற்பாடே கடையைச் சாத்திவிடும்! ஏல நாளில் பதிவு கூடுதலாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ரவுட்டர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பில் போடுவது போல ஒரு ஸ்கிரிப்டை ஓட விட்டுப் பார்த்தோம். சின்ன டிஸ்க்கில் நடந்தது மேலே சொன்ன கதைதான். லாக்குக்கென்று தனி டிஸ்க் ஒதுக்கும் வசதி கிளவுட்நேட்டிவ்பிஜியில் இருக்கிறது. அதை 20 ஜிபி ஆக்கியதும் பிரச்சினை போயிற்று. சாதாரண நாள் வேகத்தில் மூன்று நாள் லைன் இல்லாவிட்டாலும் சேர்வது 14 ஜிபிக்குள்தான். இன்றைய எஸ்எஸ்டி விலையில் 20 ஜிபி ஒரு பொருட்டே இல்லை. மாதிரிக் கோப்பில் இந்த இடத்தில் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை போட்டிருக்கலாம்.

லைன் திரும்பியதும் தேங்கிய கோப்புகள் வரிசையாக ஏற ஆரம்பிக்கும், ஒவ்வொன்றாக. ஒரே நேரத்தில் எத்தனை ஏறலாம் என்று சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நான்கு அல்லது எட்டு என்று வைத்தால் தேக்கம் சீக்கிரம் வடிகிறது. ஜிஸிப் அழுத்தத்தையும் போட்டுவிட வேண்டும். பாதி காலியான லாக் கோப்பு அழுத்தினால் நன்றாகச் சுருங்கும், நம் அப்லோடு வேகத்துக்கு அது பெரிய உதவி.

ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பைப் பற்றி விமர்சனம் எழுதுவதில் அர்த்தமில்லை. ஏலத்தில் மாதிரிக் காயைக் கையில் வாங்கி உருட்டிப் பார்க்காமல் யாரும் விலை கேட்பதில்லை. பேக்கப்புக்கு மட்டும் மூட்டை மேல் ஒட்டிய சீட்டு போதும் என்று இருந்துவிடுகிறோம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். எஸ்3 பக்கெட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. பேக்கப் கருவியின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6. பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் கையொப்பம் இல்லையென்று தடுக்கப்பட்டிருந்தன. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல் தற்செயலாக இருந்ததால் தப்பினார்கள்.

கிளவுட்நேட்டிவ்பிஜி ஓடுகிற டேட்டாபேஸின் மேலேயே பழையதை எழுதாது. பக்கெட்டிலிருந்து எப்போதும் ஒரு புதுக் கிளஸ்டரைத்தான் கட்டும். இது எனக்குப் பிடித்திருந்தது, பதற்றத்தில் இருப்பதையும் கெடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் புதுக் கிளஸ்டர் தன் லாக்கைப் பழையதன் அடைவிலேயே எழுத முனைந்தால், அடைவு காலியாக இருக்க வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். புதியதற்கு வேறு சர்வர் பெயர் கொடுத்தால் நகரும். முதல்முறை பார்க்கிறவர் பேக்கப்பே கெட்டுவிட்டது என்று நினைப்பார். செய்தியை இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம்.

ஒத்திகையை போடி அலுவலகத்தில் வைக்காமல் தேனியில் ஒரு மடிக்கணினியில் வைத்தோம், அலுவலகத்திலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்ற விதியோடு. இப்படிச் செய்தால்தான் பக்கெட்டின் சாவி எங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும். கிளஸ்டருக்குள் சீக்ரெட் என்று இருக்கும். அந்தக் கிளஸ்டர் போய்விட்டால் சாவியும் போச்சு. சாவியும் அமைப்புக் கோப்புகளும் வெளியே ஓரிடத்தில் இருக்க வேண்டும், அந்த இடம் முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். நேரத்தைப் பொறுத்தவரை லைன்தான் எஜமான்: 20 ஜிபி டேட்டாபேஸ் 50 எம்பிபிஎஸ் லைனில் இறங்கவே ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு லாக்குகளை ஓட்டி முடிக்க வேண்டும்.

பக்கெட்டை எந்த ஊரில் வைப்பது? அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும் இருக்கின்றன. அஷூருக்குச் சென்னை இருக்கிறது, பார்மன் அதிலும் எழுதும். வெளிநாட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறதே என்று போகும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் செய்த திருத்தப்படி, மின்னணுவில் கணக்கு வைக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் விதியில் இருந்தது 'அவ்வப்போது' என்றுதான். தனி வியாபாரிக்கும் பங்குதாரர் கடைக்கும் இது பொருந்தாது. பிரைவேட் லிமிடெட் ஆனவர்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

செலவு பயமுறுத்தவில்லை. மும்பை எஸ்3-ல் ஜிபிக்கு மாதம் இரண்டரை சென்ட் அளவில்தான். ஏற்றுவதற்குக் காசில்லை, இறக்குவதிலும் மாதம் முதல் 100 ஜிபி இலவசம். முப்பது நாள் முழு நகல்களை வைத்தாலும் இந்த அளவு கடைக்கு அது பெரிய தொகை ஆகாது.

குபர்நெட்டீஸ் ஏற்கெனவே ஓடுகிற இடத்துக்கு இதை மறுபேச்சில்லாமல் பரிந்துரைப்பேன். பேக்கப்புக்காகவே குபர்நெட்டீஸுக்குப் போகாதீர்கள். சின்னமனூரில் ஒரு திராட்சை மண்டிக்கு இரவில் ஒரு முறை டம்ப் எடுத்துப் பக்கெட்டில் போடும் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ஒத்திகை பார்க்கிறவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சோதனைக் கிளஸ்டரை அழித்தாலும் அது பக்கெட்டில் எழுதிய அடைவு அங்கேயே கிடக்கும். முப்பது நாளில் பழையதை நீக்கு என்ற கட்டளை உயிரோடிருக்கும் கிளஸ்டருக்குத்தான், செத்த கிளஸ்டரின் அடைவை அது தொடாது. அதை நாமேதான் உள்ளே போய் அழிக்க வேண்டும், அழிக்கும் முன் பெயரை இரண்டு முறை படித்துவிட்டு.