சோலைவரி இடாப்பும் ஊர் வரலாறும்

நம்மவர் எழுதும் ஊர் வரலாற்று நூல்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை ஒரே தடத்தில்தான் நடக்கின்றன. அரபு வணிகர் வந்திறங்கியது முதல் அத்தியாயம், பள்ளிவாசல் எழுந்த கதை இரண்டாவது, பிறகு ஊர்ப் பெரியார்கள், படத்துடன். கரைவலை இழுத்தவன், வெங்காயத் தோட்டம் செய்தவன், பாய் இழைத்துப் பிள்ளை வளர்த்த உம்மா யாரும் அந்தப் பக்கங்களில் இல்லை. ஆதாரம் கேட்டால், "மூத்தாக்கள் சொன்னதுதானே" என்பார்கள். வாய்மொழியை நான் குறைத்துப் பேசவில்லை. அதை உரைத்துப் பார்க்க ஒரு கல் வேண்டும். அந்தக் கல் ஒருகாலத்தில் ஒவ்வொரு ஊரிலும் இருந்தது. அதற்குப் பெயர் கிராம சபைக் கந்தோர்.

சபைக் கந்தோரின் கடதாசிகளை இலக்கியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் ஊர் எப்படிச் சீவித்தது என்பது அங்கேதான் எழுதப்பட்டது. சோலைவரி இடாப்பு, சந்தைக் குத்தகை, இறைச்சிக்கடை அனுமதி, சைக்கிள் லைசன், கிணறு கட்டவும் மையவாடிக்கு வேலி போடவும் எடுத்த தீர்மானம் எல்லாம் அதில் அடங்கும். வரி கட்டியவன் ஏழை என்பதற்காக இடாப்பு அவன் பெயரை விடுவதில்லை. நமது வரலாற்று நூல்கள் விட்டுவிட்டன.

அந்தக் கடதாசிகளுக்கு என்ன நடந்தது? 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு மீண்டும் உயிர்பெற்ற கிராம ஆட்சி மன்றங்கள், பின்னர் கிராம சபைகளாக வளர்ந்தன. 1980ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அபிவிருத்தி சபைகள் சட்டத்தின் வழி, 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் இல்லாமற்போயின. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைக் கொண்டுவந்தது. ஆறேழு வருடத்துக்குள் கடதாசிகள் இரண்டு முறை கைமாறின. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததும் 1981இல்தான். அதற்காக இன்றும் அழுகிறோம், அழத்தான் வேண்டும். அதே ஆண்டில் கதவடைத்த நூற்றுக்கணக்கான சபைகளின் அலுமாரிகளுக்காக யாரும் ஒரு கட்டுரைகூட எழுதவில்லை. பிறகு யுத்தம், இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26. சாம்பல்தீவிலிருந்து நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி வரைக்கும் இந்தக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் வீட்டோடு உறுதியையும் அடையாள அட்டையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள்.

எண்ணிமமாக்கல் பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சிறப்பு மலர்களையும் காத்துத் தந்திருக்கிறது. என் மாணவர்கள் அதனால் பயன்பெறுகிறார்கள். ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கொழும்புச் சுவடிகள் காப்பகத்தில் உள்ளவையும் அதில் அடங்கும். காணியையும் குடும்பத்தையும் பதிந்த ஒல்லாந்தர் காலத் தோம்புகளை ஆய்வாளர் இன்றும் புரட்டுகிறார்கள். வரி பிரிக்க வந்த கம்பனியின் கணக்கு உலகத்தின் நினைவாகிவிட்டது. நாமே வாக்களித்து அமைத்த சபையின் கணக்கு கறையானுக்குப் போகிறது. தமிழ் மரபுக்கு இது புதுச் சங்கதியும் அல்ல. உத்திரமேரூர்ச் சபை தன் தேர்தல் விதிகளை 919இலும் 921இலும் கல்லிலே வெட்டிவைத்தது. பக்கத்து நிலாவெளியில் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோயிலுக்குக் கொடுத்த 250 வேலி நிலத்தைச் சொல்கிறது. எழுதிவைத்தவன்தான் பின்னாளில் பேசுகிறான்.

என்றாலும் ஸ்கேன் பண்ணிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்போடு எனக்கு உடன்பாடில்லை. அட்டவணை இல்லாத படம் திறப்பு இல்லாத பெட்டி. அதிலும் நமது பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். முகம்மது, முகமது, முஹம்மத், மொகமட் எல்லாம் ஒரே பெயர். கிரந்த எழுத்தைத் தவிர்த்தெழுதும் லிகிதர் ஹசனை அசன் என்பார், ஜமாலைச் சமால் என்பார். பீவி ஓரிடத்தில் பீபி ஆவார். ஆங்கில இடாப்பில் லெப்பையும் மரைக்காரும் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். கணினியில் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்ற மூன்றும் அகப்படாது. பேரன் தேடுவான், வாப்பாவின் வாப்பா படத்துக்குள்ளேயே இருப்பார், ஆனால் கிடைக்கமாட்டார். இந்த வடிவங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியலைக் கணினிக்காரர் தனியாகச் செய்ய முடியாது. தமிழும் ஊரும் தெரிந்தவர்களின் வேலை அது.

இதை ஏட்டுச் சுவைக்காகச் சொல்லவில்லை. காணி வழக்கில் தொடர்ந்த ஆட்சியைக் காட்டப் பழைய சோலைவரிப் பதிவு உதவும். யுத்தத்தால் காணியை விட்டுப்போனவர்களின் உரிமையைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது அது. சட்டம் வந்தாலும், "நாங்க இங்கதான் இருந்தோம்" என்று சொல்லக் கையில் கடதாசி வேண்டுமே. தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பதிவேடுகளைப் பத்து ஆண்டுகளாவது பாதுகாக்கச் சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரியில். அந்தப் பத்து ஆண்டு 2027இல் முடிகிறது. வேறு சட்டங்கள் அதன் பின்னும் காக்கலாம், இந்தச் சட்டத்தின் காவல் அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எல்லாரும் பார்க்கத் திறந்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். உயிரோடிருப்பவர்களின் காணி விபரம் தரகர் கைக்குப் போனால் வேறு வில்லங்கம் வரும். கூட்ட அறிக்கைகளைப் பொதுவில் வைக்கலாம். இடாப்புகளை உரியவர் விண்ணப்பித்துப் பார்க்கட்டும்.

சபை ஒன்றின் அனுமதியோடு, புத்தகங்களைக் கந்தோரை விட்டு வெளியே எடுக்காமல், ஒரு வட்டாரத்தின் இடாப்பை மட்டும் முதலில் படம்பிடிக்கலாம். பக்க எண், பெயர், பெயரின் மாற்று வடிவம், வட்டாரம், ஆண்டு என்று அட்டவணை செய்யலாம். ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவரும் ஆசிரியர் இருவரும் போதும். ஊர் வரலாறு எழுத விரும்புகிறவர் அந்த அட்டவணையை முடித்துவிட்டு முதல் அத்தியாயத்தைத் தொடங்கட்டும். அதன் பிறகு அந்த நூலில் எல்லார் வீட்டு மூத்தாக்களுக்கும் இடமிருக்கும்.